ஏகமனதாக நின்ற கட்சி

தேர்தலில் ஜெயிப்பது ஒரு சாமர்த்தியமா என்ன? யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். எதிர்க்கட்சிகூட ஜெயிக்கிறது. ஆனால் தோற்ற பிறகு, அந்தத் தோல்வியில் ஒரு பொட்டுகூட வீணாகாமல், கூட்டம் போட்டு, குழு அமைத்து, குழுவுக்குள் குழு பிரித்து, சாறு தீரும்வரை பிழிந்தெடுக்கத் தெரிந்த கட்சி இந்தப் பூலோகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மினசோட்டாவில், டாமரக் மாவட்டத்தில், லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூடுகிற நம் கட்சி.

நவம்பரில் நாம் தோற்றது சாதாரணத் தோல்வி இல்லை. மாவட்டச் சபை போயிற்று. ஷெரிஃப் பதவி போயிற்று. யாருமே எதிர்த்து நிற்காத ஒரு பதவிக்கு நம் ஆள் மட்டும் நின்றார். ஓட்டுச்சீட்டில் நாலு பேர் சேர்ந்து கையால் எழுதிப் போட்ட வேறொரு பெயர் ஜெயித்துவிட்டது. ஜெயித்தவருக்கே மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் விஷயம் தெரியுமாம்.

இவ்வளவு வளமான தோல்வியை ஒரே கூட்டத்தில் ஆராய்ந்து முடித்துவிட முடியுமா? ஆகவே "தோல்வி ஆய்வுப் பேரவை" அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில், எப்படிப் பேசுவது என்று பேசினார்கள். அடுத்த கூட்டத்தில், அப்படிப் பேசியது சரிதானா என்று பேசினார்கள். ஜனவரிக் கடைசியில், உறைந்த ஏரி மேல் லாரியே ஓட்டலாம் என்கிற அளவுக்குக் குளிர் இறுகிக் கிடந்த ஒரு சாயங்காலம், மூன்றாவது கூட்டம் கூடிற்று.

அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்தவள் லோர்னா ஸ்கோக்ஸ்டாட். பகலில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். மிச்ச நேரத்தில் கட்சியின் மாவட்டச் செயலாளர். காபி போடுவது, நாற்காலி விரிப்பது, கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்குவது என்று கட்சியின் முக்கியப் பொறுப்புகள் அனைத்தும் அவள் கையில்தான். அவள் புருஷன் வெர்லின் பக்கவாதம் வந்து மாவட்ட முதியோர் இல்லத்தில் படுத்திருந்தார். தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே அங்கே போய், ராத்திரிச் சாப்பாட்டை அவள்தான் ஊட்டுவாள். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் மனுஷன் வாயைத் திறப்பதில்லை.

அந்த இல்லத்தை மூடிவிடலாமா என்று புதிய மாவட்டச் சபை அன்றைக்கு ஆறு மணிக்கு ஓட்டெடுக்கப் போகிறது. மூடினால் வெர்லினைக் கொண்டுபோய்ப் போடப்போகிற இடம் இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கிறது. பனிக்காலத்தில் அந்தச் சாலை பாதி நாள் அடைத்துக் கிடக்கும். லோர்னா இதையெல்லாம் நினைத்துப் பார்த்து, சமையலறையில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு திட்டம் போட்டாள்.

சபையில் ஐந்து பேர். இரண்டு பேர் மூடு என்கிறார்கள். இரண்டு பேர் மூடாதே என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் டேல் வுவோலெட். எதிர்க்கட்சிக்காரர்தான். ஆனாலும் லோர்னாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. மளிகைக் கடையில் பால் எடுக்கப் போன இடத்தில், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லோர்னா, எனக்கும் மூட மனசில்ல. எங்கம்மா கடைசிவரைக்கும் அங்கதான் இருந்தாங்க, தங்கமாப் பாத்துக்கிட்டாங்க. ஆனா நான் தனியா நின்னு வேணாம்னு சொன்னா எங்காளுங்க என்னை உரிச்சு எடுத்துடுவாங்க. நீ கூட்டத்தைக் கூட்டிட்டு வா. 'ஜனங்க வந்து உக்காந்துட்டாங்கப்பா, நான் என்ன பண்றது'ன்னு சொல்லிக்கிறேன்."

"எவ்வளவு பேரு வேணும்?"

"நாற்காலி பத்தாம போகணும்."

கூட்டத்துக்கு லோர்னா எங்கே போவாள் என்று கேட்காதீர்கள். கூட்டம் போடுவதற்கென்றே பிறந்த கட்சி கைவசம் இருக்கும்போது என்ன கவலை? மாவட்ட அலுவலகம் தேவாலயத்துக்கு நேர் எதிரே. நாலு மணிக்குக் கட்சிக் கூட்டத்தை வைத்தால், ஆறு மணிக்கு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. இதைவிடச் சுலபமான போராட்டம் சரித்திரத்தில் உண்டா?

கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தேவாலய வாசலில் கார் நிறுத்த இடமில்லை. உள்ளே நீள மேஜை மேல், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிற எங்கள் ஊர்ப் பண்டமான ஹாட்டிஷ் பாத்திரங்களில் ஆவி பறந்தது. எங்கள் கட்சியில் ஹாட்டிஷிலும் கொள்கை உண்டு. மிதவாதிகளுடையது மாட்டிறைச்சியும் டப்பா சூப்பும் போட்டு மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கி வேகவைத்தது. முற்போக்காளர்களுடையது பயறும் முந்திரிப் பாலும் போட்டு மேலே அதே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கி வேகவைத்தது. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் ருசி பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கே!" என்று சிரித்தபடி சொல்வார்கள். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

ஓரத்தில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு. தட்டில் இருக்கும் கடைசித் துண்டை எடுப்பது மகா அநாகரிகம். ஆகவே அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வார்கள். மிச்சப் பாதியை அடுத்தவர் பாதியாக வெட்டுவார். துண்டு கண்ணுக்கே தெரியாமல் போகுமே தவிர, தட்டு காலியானதாகச் சரித்திரமில்லை. அவ்வளவு மரியாதையான ஜனங்கள்.

மிதவாதிகளின் தலைவர் கார்டன் ஹாக்லண்ட், ஓய்வு பெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அபாயம் வரும்போல் தெரிந்தால் பாதி வாக்கியத்திலேயே இறங்கிக்கொள்வார். முற்போக்காளர்களின் தலைவி மேரன் பெட்ரிக், கல்லூரி ஆசிரியை. அவள் வாக்கியத்தில் ஏறினால் முற்றுப்புள்ளியில் நிற்க மாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவே, கையில் மாட்டு மணியோடு கூட்டத்தை நடத்துகிற, கட்சி விதிகளைத் தலைகீழாக ஒப்பிக்கக்கூடிய ஃபிலிஸ் பக்கி அம்மையார்.

"நாம ஏன் தோத்தோம்?" என்று கார்டன் ஆரம்பித்தார். "ஜனங்களைப் பயமுறுத்திட்டோம். ஒருத்தன் வீட்டு வாசல்ல போய் நின்னு 'உலகத்தையே மாத்தப் போறோம்'னா, அவன் 'முதல்ல கதவைச் சாத்துங்க, குளிருது'ங்கறான்."

"பயமுறுத்தினோமா? தூங்க வெச்சோம்!" என்றாள் மேரன். "உங்க நோட்டீஸ்ல என்ன போட்டீங்க கார்டன்? 'எல்லாம் கொஞ்சம் பரவாயில்லாம இருக்கும்.' இதுக்கா ஒருத்தன் பூட்ஸ் மாட்டிட்டு ஓட்டுப் போட வருவான்?"

"அந்தக் 'கொஞ்சம்'ங்கற வார்த்தைக்கு எங்க குழு எத்தனை தடவை கூடிச்சு தெரியுமாம்மா? முதல்ல 'நல்லா'ன்னு இருந்துச்சு. ரொம்ப அடாவடியாத் தெரிஞ்சுது, எடுத்துட்டோம்."

லோர்னா கை தூக்கினாள். "ஒரு சின்ன விஷயம். ஆறு மணிக்கு எதிர்ல முதியோர் இல்லத்துக்கு ஓட்டு. நாம எல்லாரும் போய் உக்காந்தா டேல் நம்ம பக்கம் வந்துடுவான். போய் உக்காரணும், அவ்வளவுதான். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

கூடமே கை தட்டியது. கார்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தங்கைக்கு அந்த இல்லத்தில்தான் சமையல் வேலை. மேரன் எழுந்து நின்று தட்டினாள். அவளிடம் படித்த பெண்களில் பாதிப் பேர் அங்கே நர்ஸ். ஆட்சேபணை ஒன்றுகூட இல்லை. தேர்தலுக்கு அப்புறம் கட்சி ஏகமனதாக ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான். இந்த ஜனங்களுக்காகத்தானே இத்தனை வருஷம் காபி போட்டோம் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள்.

"ஏகமனதான விஷயங்கள், விதிப்படி, சர்ச்சைக்குரிய விஷயங்கள் முடிஞ்சப்புறம்தான்," என்றார் ஃபிலிஸ். "எல்லாரும் ஒத்துக்கிட்டதைப் பத்திப் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாதுல்ல?"

"பேச வேணாம் ஃபிலிஸ். நடந்தாப் போதும்."

"போறது சரி," என்றார் கார்டன். "எப்படிப் போறோம்? அட்டை கிட்டை எதுவும் இல்லாம, சத்தம் போடாம, பின் வரிசையில உக்காந்துட்டு வந்துடலாம். பாக்கறவங்களுக்கு நாம வந்ததே தெரியக் கூடாது."

"தெரியக் கூடாதுன்னா எதுக்குப் போகணும்? கோஷம் போட்டுட்டுப் போகணும்! பூமி அதிரணும்!"

"பாத்தீங்களா, இதனாலதான் தோத்தோம்."

"இல்ல, நீங்க இப்ப சொன்னீங்களே, அதனாலதான் தோத்தோம்!"

ஃபிலிஸ் மாட்டு மணியை அடித்தார். "அப்போ தோத்த காரணத்தை முதல்ல தீர்மானிச்சுடலாம். அதுக்குத் தகுந்த மாதிரி அப்புறம் தெருவைத் தாண்டலாம். எல்லாரும் எந்திரிங்க. நடைவாக்கு!"

நடைவாக்கு என்பது எங்கள் கட்சியின் பொக்கிஷம். சீட்டு கிடையாது, கை தூக்குவது கிடையாது. ஒரு மூலையில் ஒருவர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கொள்கை பிடித்தவர்கள் நடந்து போய் அங்கே நிற்க வேண்டும். இன்னொரு மூலையில் இன்னொரு அட்டை. போதுமான ஆள் சேராத மூலை "பிழைக்காத அணி" என்று அறிவிக்கப்படும். அங்கே நிற்பவர்கள் கலைந்து, பிழைத்த அணி எதிலாவது போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும்வரை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். மணி அடித்த பின் நின்ற இடம்தான் உங்கள் மனசாட்சி.

எல்லோரும் எழுந்ததும் தேவாலயத்துப் பாஸ்டர் இங்கா மாடிப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு இந்த நாற்காலியெல்லாம் வேணுமா? எதிர்ல மாவட்ட அலுவலகத்துல கேக்கறாங்க. இன்னைக்குப் பெரிய கூட்டம் வரும்போல, இருக்கறது பத்தாதுங்கறாங்க."

"எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க," என்றார் ஃபிலிஸ். "நாங்க நிக்கத்தான் போறோம்."

தேவாலயத்து ஆட்கள் வந்து நாற்காலிகளை மடக்கி, ஆளுக்கு நாலைந்தாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னல் வழியே லோர்னா பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில், பனியில் தடம் பதித்துக்கொண்டு, நாற்காலிகள் ஊர்வலமாகத் தெருவைத் தாண்டின. டேல் சொன்னது போலவே நடக்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

கிழக்கு மூலையில் மேரன் "துணிவே வெற்றி" என்ற அட்டையோடு நின்றாள். மேற்கு மூலையில் கார்டன் "நிதானமே வெற்றி" என்ற அட்டையோடு நின்றார். வெற்றி எது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அது வராததுதான் குறை. "துணிவு, ஆனால் நிதானத்தோடு" என்று நடுவில் ஓர் அணி முளைத்து, "நிதானம், ஆனால் துணிவோடு" என்று பிளந்து, இரண்டுமே கலைந்தன.

லோர்னா ஓர் அட்டையை எடுத்து "முதியோர் இல்லத்தை மூடாதே" என்று எழுதிக்கொண்டு, கொதிகலன் பக்கத்து மூலையில் போய் நின்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஆயிற்றே, எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை. ஆனால் அன்புக்குக் குறைவில்லை. கிழக்கிலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். மேற்கிலிருந்து நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்கள். மேற்கு அணியில் நின்ற ஆர்டிஸ் பாட்டியம்மா பறக்கும் முத்தம் ஒன்று கொடுத்தார்.

"இங்க வாங்களேன்!" என்று கூப்பிட்டாள் லோர்னா.

"மனசு பூரா அங்கதான் இருக்கு லோர்னா," என்றார் கார்டன். "உடம்பு இங்க இல்லைன்னா மேரன் ஜெயிச்சிடுவா."

"நானும் உங்க கூடத்தான் இருக்கேன்," என்று கத்தினாள் மேரன். "ஆனா ஒரு அடி நகந்தேன்னா கார்டன் ஜெயிச்சிடுவாரு!"

ஃபிலிஸ் தலைகளை எண்ணினார். துணிவு இருபத்தொன்று. நிதானம் இருபத்தொன்று. முதியோர் இல்லம் ஒன்று. தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "முதியோர் இல்லம், பிழைக்காத அணி."

லோர்னா அட்டையை இறக்காமலே நின்றாள்.

அடுத்த கணம் அவள் மாவட்டத்திலேயே மிக முக்கியமான மனுஷி ஆகிவிட்டாள். இரண்டு பக்கமும் சரிசமம். அவள் போகிற பக்கம் ஜெயிக்கும். கார்டன் எலுமிச்சைத் துண்டு கொண்டுவந்தார். மேரன் காபி கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் லோர்னாவுக்கு யாராவது காபி கொண்டுவந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"யார் முதல்ல கோட்டை மாட்டறீங்களோ, அவங்க அணியில நான் சேர்றேன்," என்றாள் லோர்னா.

"மணி அடிச்சதும் மாட்டறேன், சத்தியமா," என்றார் கார்டன்.

"மணி அடிக்கட்டும், நான் கோட்டே இல்லாம ஓடி வர்றேன்," என்றாள் மேரன்.

மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. லோர்னா பெருமூச்சு விட்டாள். எந்தப் பக்கமானால் என்ன, மணி அடித்தால் சரி என்று மேற்கு மூலைக்குப் போய் நின்றாள். நிதானம் ஜெயித்தது. ஃபிலிஸ் மணியை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம்!" என்று ஆர்டிஸ் பாட்டியம்மா மேற்கிலிருந்து கிளம்பினார். "ஒரே ஒரு ஆள்ல தோக்கறாங்களே, பாவம். எனக்கு மனசு கேக்கல." ஊன்றி நடக்கிற நடைவண்டியை உருட்டிக்கொண்டு மெல்லக் கிழக்கே போய்ச் சேர்ந்தார். துணிவு ஜெயித்தது.

இப்போது கிழக்கில் ஓர் இளைஞனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வயசானவங்க பரிதாபப்பட்டு நாம ஜெயிக்கறதா? நல்லாவா இருக்கு?" என்று மேற்கே வந்தான். நிதானம் ஜெயித்தது. உடனே மேற்கில் தபால்கார ரோஜரால் அந்தப் பையனின் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. அவர் கிழக்கே போனார். இனிப்புத் தட்டில் கடைசித் துண்டை எடுக்கத் துணியாத ஜனங்கள் கடைசி ஓட்டை எடுத்துவிடுவார்களா? வெற்றி அங்கும் இங்குமாகப் பாதி பாதியாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. ஃபிலிஸ் உயர்த்திய மணியோடு கை வலிக்க நின்றார்.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போறீங்க? இப்ப போனா சமநிலை குலைஞ்சிடும்!" என்று ஃபிலிஸ் பதறினார்.

"போகட்டும்," என்றாள் லோர்னா.

மாவட்டச் சபைக் கூடத்தில் நாற்காலிகள் காத்துக்கொண்டிருந்தன. வரிசை வரிசையாக, நெருக்கியடித்து, சுவரோரம்வரை போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் தேவாலயத்தின் பெயர். மூன்றாவது வரிசையில் யாரோ ஒரு கணவன் மனைவி, சாலையில் பனி அள்ளுவதைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கள். லோர்னா முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

டேல் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "லோர்னா, வெளிய இத்தனை காரு நிக்குதே, யாரோடது?"

"எங்க கட்சிக்காரங்களோடது."

"அவங்க இல்லத்தை மூடணும்ங்கறாங்களா?"

"மூடக் கூடாதுன்னு ஏகமனதாச் சொல்லிட்டாங்க."

"பின்ன எங்க அவங்க?"

லோர்னாவுக்கு முகம் சுட்டது. "எதிர்லதான் இருக்காங்க, டேல். ஜனங்க ஏன் நம்ம பக்கம் வரமாட்டேங்கறாங்கன்னு பேசிட்டிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆட்கள் வந்து சேரும்வரை இழுத்தடிக்க டேல் முடிந்ததைச் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். போன கூட்டத்தின் நடவடிக்கையைப் படிக்கச் சொன்னார். காதில் விழவில்லை என்று மறுபடி படிக்கச் சொன்னார். பனி அள்ளும் புகாரை வரிவரியாக விசாரித்தார். சபைத் தலைவர் பல்லைக் கடிக்க ஆரம்பித்ததும் லோர்னாவைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"எனக்குப் பேச வராது," என்றாள் அவள். "எம்புருஷன் நான் ஊட்டினாத்தான் சாப்பிடறாரு. அந்தச் சாலை மூடற அன்னைக்கெல்லாம் அவர் பட்டினி கிடப்பாரு. அவ்வளவுதான்." உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

டேல் கதவைப் பார்த்தார். அத்தனை காலி நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பக்கத்தில் அவர் கட்சிக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, மூடலாம் என்று கை தூக்கினார். மூன்றுக்கு இரண்டு.

லோர்னா திரும்பி வந்தபோது கீழ்த்தளக் கூடத்தில் ஒரே ஆரவாரம். கார்டனும் மேரனும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். கண்கொள்ளாக் காட்சி! எத்தனை பிளவுபட்ட கட்சிக்கும் இது பாடமாக இருக்க வேண்டும்.

"லோர்னா, ஒத்துமையாயிட்டோம்!" என்று கூவினார் கார்டன். "உன் விஷயத்துக்குத் தீர்மானமே போட்டாச்சு. மேரன் 'கடுமையாகக் கண்டிக்கிறோம்'னா. நான் 'பணிவோட வேண்டிக்கொள்கிறோம்'னேன். கடைசியில 'கடுமையாக வேண்டிக்கொள்கிறோம்'னு முடிச்சுட்டோம். ஏகமனதா!"

"மூடிட்டாங்க," என்றாள் லோர்னா.

ஆர்டிஸ் பாட்டியம்மா நிஜமாகவே அழுதார். கார்டன் தொப்பியைக் கழற்றினார்.

"எத்தனை ஓட்டுல?" என்று கேட்டாள் மேரன்.

"ஒரே ஒரு ஓட்டுல."

"ஒரே ஓட்டுலயா!" மேரனின் கண் அகன்றது. கார்டனின் கண்ணும் அகன்றது. துக்கம் விலகி, கூடத்தில் ஓர் ஆராய்ச்சி ஒளி படர்ந்தது.

"சத்தம் போடாம போயிருந்தா..." என்று ஆரம்பித்தார் கார்டன்.

"சத்தம் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள் மேரன்.

"இதை நின்னுட்டே பேச முடியாது," என்றார் ஃபிலிஸ், காலை மாற்றி ஊன்றிக்கொண்டே. "ஏன் தோத்தோம்னு நிதானமா உக்காந்து ஆராயணும். லோர்னா, நாற்காலியெல்லாம் எங்கம்மா?"

லோர்னா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். வெர்லினுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"எதிர்ல இருக்கு ஃபிலிஸ். சாயங்காலத்துலேர்ந்து வெர்லினுக்காக அங்க போய்க் காத்துட்டிருக்கு. இந்தக் கட்சியில தெருவைத் தாண்டறதுக்குக் கால் இருந்தது அதுங்களுக்கு மட்டுந்தான்."